அம்மை வைரஸும் ஸ்கேன் அறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அம்மை வைரஸ்களை விலங்குகளில் ஆராய்கிறார்களே, அதில் சின்னம்மையும் தட்டம்மையும் சேர்த்திதானா?

இல்லை. உடம்பில் கொப்புளமோ தடிப்போ எழும்பினால் தமிழில் எல்லாமே அம்மைதான். வைரஸ்களுக்குள் அந்த உறவு கிடையாது. சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டம்மை ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். இங்கே நாம் பேசப்போவது பாக்ஸ் குடும்பத்தை மட்டும்: பெரியம்மை, குரங்கம்மை, மாட்டம்மை, பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா முதலானவை. இவை டி.என்.ஏ. வைரஸ்களாக இருந்தும் செல்லின் உட்கருவுக்குள் போகாமல் சைட்டோபிளாசத்திலேயே பெருகுகின்றன. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் குரங்கம்மைக்கு எம்பாக்ஸ் என்று பெயர் மாற்றியது. 1958இல் கோபன்ஹேகனில் ஆய்வுக்கு வைத்திருந்த குரங்குகளில் முதலில் கண்டதால்தான் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. காட்டில் இந்த வைரஸுக்கு இருப்பிடம் பெரும்பாலும் கொறிக்கும் பிராணிகள் என்றே கருதப்படுகிறது.

கேள்வி: பெரியம்மைதான் ஒழிந்துவிட்டதே! இன்னும் ஏன் விலங்குகளை வருத்த வேண்டும்?

ஒழிந்ததுதான் காரணம். இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில் கண்டது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாக அறிவித்தது. ஆனால் வைரஸ் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் இரண்டு ஆய்வகங்களில் இன்னும் உறைநிலையில் இருக்கிறது. நாளை ஏதாவது நேர்ந்தால் மருந்து வேண்டும். நோயாளியே இல்லாத நோய்க்கு மருந்தை எப்படிச் சோதிப்பது? ஆரோக்கியமானவருக்கு வைரஸைக் கொடுத்துப் பார்க்க முடியாது.

இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் ஒரு விதி கொண்டுவந்தது. மருந்து வேலை செய்கிறதா என்பதை விலங்கில் காட்டலாம். அது பாதுகாப்பானதா, இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதை மனிதரில் காட்ட வேண்டும். 2018இல் டெக்கோவிரிமாட் என்ற பெரியம்மை மருந்து இந்த வழியில்தான் அனுமதி பெற்றது. குரங்கம்மை கொடுத்த குரங்குகளும் முயலம்மை கொடுத்த முயல்களும் பெரும்பாலும் பிழைத்தன. 359 ஆரோக்கியமான மனிதர்கள் மாத்திரையை விழுங்கிப் பாதுகாப்பைக் காட்டினார்கள். 2021இல் பிரின்சிடோஃபோவிர் என்ற இன்னொரு மருந்து முயலம்மை, சுண்டெலியம்மை ஆகியவற்றின் சான்றோடு வந்தது.

விலங்குக்குப் பெரியம்மை வைரஸையே கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அது மனிதனையே பிடித்துக்கொள்ளும் வைரஸ். மற்ற விலங்குகளில் மனித நோய் போன்ற ஒன்றைக் காண்பதே கடினம். அதனால்தான் அந்தந்த விலங்குக்கு ஏற்ற நெருங்கிய சொந்தக்கார வைரஸைக் கொண்டு பார்க்கிறார்கள்.

கேள்வி: புதிய மருந்தொன்றைச் சோதிக்க எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. – ஓர் ஆய்வு மாணவர்

விலங்கை மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. விலங்கு, வைரஸ், நுழையும் வழி மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு மாதிரி. மூன்றில் ஒன்று மாறினாலும் நோய் மாறிவிடும்.

கைக்கு எளிதானது, பால்ப்-சி என்ற ஆய்வக இனச் சுண்டெலிக்கு மூக்கு வழியாக வாக்சினியாவின் டபிள்யூ.ஆர். என்ற வகையைக் கொடுப்பது. மூன்று நான்கு நாளில் எடை இறங்கத் தொடங்கும். ஒரு வாரத்துக்குள் மருந்து பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் இது நுரையீரல் நோய். மனிதரில் காண்பதுபோல் உடம்பெங்கும் கொப்புளம் எழும்பாது. முதல் வடிகட்டலுக்குச் சரி, அதற்கு மேல் இதை நம்பிப் பேசக்கூடாது.

சுண்டெலியம்மை, அதாவது எக்ட்ரோமீலியா, சுண்டெலியின் சொந்த நோய். பாதத்தில் கொடுத்தால் நிணநீர்க் கணு, இரத்தம், கல்லீரல், மண்ணீரல், மறுபடி இரத்தம், கடைசியில் தோல் என்று படிப்படியாக நகரும். 1940களில் ஃப்ராங்க் ஃபென்னர் என்ற ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்துதான் அம்மை நோய்கள் உடம்பில் எப்படிப் பரவுகின்றன என்ற பாடப்புத்தக வரைபடத்தை வரைந்தார். பிழைத்த எலிகளுக்குக் கால் அழுகி உதிர்வதுண்டு. கிரேக்கப் பெயரே அதைத்தான் சொல்கிறது. இங்கே எலியின் இனவகையைக் கவனிக்க வேண்டும். பாதத்தில் கொடுத்த அதே அளவு பால்ப்-சியைக் கொல்லும். சி57 கறுப்பு எலி அநேகமாகச் சமாளித்துவிடும். எந்த இனம் என்று எழுதாத ஆய்வறிக்கையைப் படிக்காமலே கீழே வைத்துவிடலாம்.

முயலம்மை நியூசிலாந்து வெள்ளை முயலில் கொப்புளத்தையும் கடும் நோயையும் தரும். கூண்டுக்குக் கூண்டு காற்றில் பரவும் என்பதால், தொற்றுக் கொடுக்காத ஒப்பீட்டு விலங்குகளை அதே அறையில் வைத்தால் ஆய்வே பாழ்.

குரங்கம்மைக்கு வட அமெரிக்கப் பிரேரி நாய் நல்ல மாதிரி. பெயர்தான் நாய், உண்மையில் தரையணில் வகை. 2003இல் கானாவிலிருந்து இறக்குமதியான கொறிப்பான்களிடமிருந்து தொற்றி, வளர்ப்புப் பிரேரி நாய்கள் வழியாக அமெரிக்காவில் 47 பேருக்கு நோய் வந்தது. இந்தப் பிராணியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. தொற்றிய ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வரும். மனிதரின் கால அளவுக்கு நெருக்கம். குறை என்னவென்றால், இதன் நோயெதிர்ப்பு மூலக்கூறுகளை அளக்கும் வேதிப்பொருள்கள் சுண்டெலிக்குக் கிடைப்பதுபோல் கிடைக்காது.

மக்காக் குரங்கு மனிதனுக்கு நெருக்கமானது, ஆனால் அதில் ஒரு செயற்கைத்தனம் உண்டு. வழக்கமான முறையில் பெரும் அளவு வைரஸை நேரே இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். மனிதரில் ஒன்றிரண்டு வாரம் ஓடும் அடைகாலம் இங்கே காணாமல் போகும். நான்காம் நாளே கொப்புளம். தொற்றின் தொடக்கத்தைத் தடுக்கும் மருந்தை இந்த மாதிரியில் சோதித்தால் நல்ல மருந்துகூடத் தோற்றுப்போகும்.

கேள்வி: மின்மினிப்பூச்சியின் லூசிஃபெரேஸ் மரபணு சேர்த்த வாக்சினியாவைச் சுண்டெலிக்குக் கொடுத்து ஒளிப்படம் எடுக்கிறோம். ஐந்தாம் நாள்வரை ஒளி கூடியது, ஆறாம் நாள் மங்கிவிட்டது. எலியோ இன்னும் மோசமாகிறது. வைரஸ் குறைகிறதா?

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். லூசிஃபெரேஸ் ஒளிர நான்கு விஷயம் வேண்டும்: லூசிஃபெரேஸ் என்ற அந்த நொதி, அது எரிக்கும் பொருளான லூசிஃபெரின், ஆக்சிஜன், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. ஆக்சிஜனைத் தருவது இரத்த ஓட்டம், ஏ.டி.பி.யைத் தருவது உயிருள்ள செல். வைரஸ் திசுவைக் கொன்றுவிட்டால் அங்கே விளக்கு அணைந்துவிடும்.

முதலில் லூசிஃபெரின் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மில்லிலிட்டரில் 15 மி.கி. இருக்கும்படி கரைத்து, எடையில் கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் செலுத்தினால் கணக்கு சரியாக வரும். 20 கிராம் எலிக்கு 200 மைக்ரோலிட்டர். எடையை அன்றன்றைக்கு நிறுக்க வேண்டும். ஆரோக்கியமான எலியில் 10 முதல் 20 நிமிடத்துக்குள் ஒளி உச்சம் தொடும். நோயுற்ற எலியில் இரத்த ஓட்டம் தளர்ந்திருப்பதால் உச்சம் தள்ளிப்போகும். பத்தாம் நிமிடத்தில் ஒரே ஒரு படம் எடுத்தால், ஏறிக்கொண்டிருக்கும் ஒளியை உச்சம் என்று தவறாகப் பதிவு செய்வீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக அரைமணி நேரம் எடுத்து வளைவு வரையுங்கள். ஒவ்வொரு நோய் நாளிலும் இரண்டு எலிக்காவது இதைச் செய்ய வேண்டும். ஊசி குடலுக்குள் போய்விட்டாலும் ஒளி குறையும். அன்று ஒரே ஓர் எலி மட்டும் இருண்டிருந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

இரண்டாவது, உடம்புச் சூடு. நோய் முற்றிய எலி சில்லிட்டுவிடும். சூடு குறைந்தால் நொதியின் வேகம் மட்டுமல்ல, ஒளியின் நிறமும் மாறும். 37 டிகிரியில் சிவப்புப் பக்கம் இருக்கும் ஒளி, சூடு குறையக் குறைய மஞ்சள்-பச்சைப் பக்கம் நகரும். அந்த நிறத்தை ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். கல்லீரல், மண்ணீரல் போன்ற இரத்தம் நிறைந்த உறுப்புகளில் இழப்பு அதிகம். படமேடையை 37 டிகிரியில் வைத்து, மலக்குடல் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை மூன்றாவது. அன்றே இரண்டு எலியைக் கருணைக்கொலை செய்து, உறுப்பை அரைத்து, குழாயில் லூசிஃபெரினும் ஏ.டி.பி.யும் சேர்த்து அளவிடுங்கள். அங்கே பளிச்சென்று ஒளிர்ந்தால் நொதி இருக்கிறது, உயிருள்ள எலிக்குள் ஏதோ தடுத்திருக்கிறது. அங்கேயும் மங்கல் என்றால், அதே அரைப்பிலிருந்து உயிருள்ள வைரஸை எண்ணுங்கள். வைரஸ் நிறைய, நொதி இல்லை என்றால், சேர்த்த மரபணுவை வைரஸ் வழியில் உதறிவிட்டதா என்று மரபணுச் சோதனையில் பார்க்க வேண்டும். இரண்டுமே குறைவு என்றால்தான் வைரஸ் உண்மையில் அடங்குகிறது; அப்போதும் எலி சாகலாம், ஏனென்றால் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது.

ஒரு சின்ன யோசனை: தொற்று கொடுத்த இடம் மூக்கோ பாதமோ அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், பக்கத்து உறுப்பின் மங்கிய ஒளி அதில் கரைந்துவிடும். அந்த இடத்தைக் கறுப்புக் காகிதத்தால் மூடி இரண்டாவது படம் எடுங்கள். கறுப்பு எலியாக இருந்தால் முடியை மழித்தே ஆகவேண்டும்.

கேள்வி: மக்காக் குரங்குகளுக்குத் தொற்றுக் கொடுக்கும் முன்பு எடுத்த பெட் ஸ்கேனில் (செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று காட்டும் படம்) சிலவற்றின் அக்குள் நிணநீர்க் கணு ஒளிர்கிறது. அவற்றை ஆய்விலிருந்து நீக்கிவிடலாமா?

நீக்குமுன் யோசியுங்கள். 2011இல் வெளியான ஒரு ஆய்வில் குரங்கம்மை கொடுத்த மக்காக்குகளை எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கச் சர்க்கரை கொண்டு தொடர்ந்து பெட்-சி.டி. எடுத்தார்கள். பிழைத்த குரங்குகளின் அக்குள் கணுக்கள் வைரஸ் கொடுத்த நேரத்திலேயே, நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல், ஒளிர்ந்துகொண்டிருந்தன. முன்பே விழித்திருந்த நோயெதிர்ப்பு உயிரைக் காத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். விலங்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒளிரும் குரங்குகளெல்லாம் தற்செயலாக மருந்துக் குழுவில் விழுந்தால், மருந்து காப்பாற்றியதா, கணு காப்பாற்றியதா? ஆகவே ஒளிர்பவற்றை நீக்காமல், இரண்டு குழுவுக்கும் சமமாகப் பிரித்துப் போடுங்கள். தொற்றுக்கு முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஸ்கேன் எடுத்தால், நிலையான ஒளிர்வா, வந்துபோவதா என்று தெரியும்.

அதற்கும் முன்னால், அந்த ஒளிர்வு உண்மைதானா என்று பார்க்க வேண்டும். எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டிய சர்க்கரை. அது வைரஸைத் தேடிப் போவதில்லை. பசியோடு இருக்கும் எந்தச் செல்லுக்குள்ளும் போகும். முன்னங்காலில் ஊசி போட்டு, ஒரு சொட்டு குழாய்க்கு வெளியே கசிந்தாலும் அது நிணநீர் வழியாக நேரே அக்குள் கணுவில் போய் நிற்கும். அக்குளை ஆராய்பவர்கள் பின்னங்கால் குழாயில் செலுத்துவதே நல்லது. ஊசி போட்ட இடத்தையும் படத்துக்குள் கொண்டுவந்தால் கசிவு கண்ணில் படும். அண்மையில் கையில் போட்ட தடுப்பூசி, கூண்டில் கடித்துக்கொண்ட காயம் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். பராமரிப்பாளரின் குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.

மற்றபடி வழக்கமான ஒழுங்குகள். குரங்கை இரவு முழுக்கப் பட்டினி வைத்து, ஸ்கேனுக்கு முன் இரத்தச் சர்க்கரை அளந்து எழுதுங்கள். சைலசின் கலந்த மயக்க மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும், எஃப்.டி.ஜி.யோடு போட்டி போடும்; முதல் ஸ்கேனில் எந்த மயக்க மருந்தோ கடைசிவரை அதுவே. ஊசிக்கும் படத்துக்கும் இடையே 60 நிமிடம் என்றால் எப்போதும் 60 தான். ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்; பத்து நிமிடத் தாமதத்தில் கதிரியக்கம் 6 சதவீதம் குறைவதைக் கணினி சரிசெய்துவிடும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் திசு கூடுதலாக உறிஞ்சியதை எந்தக் கணினியும் திருத்தாது.

பலர் கோட்டைவிடும் இடம் எடை. உறிஞ்சல் மதிப்பு என்பது திசுவின் செறிவை எடையால் பெருக்கிச் செலுத்திய அளவால் வகுப்பது. நோயில் குரங்கு 20 சதவீதம் மெலிந்திருக்க, முதல் நாள் எடையையே கணினியில் விட்டிருந்தால், ஒன்றுமே மாறாத கணுவும் கால்பங்கு கூடுதலாக ஒளிர்வதாகத் தெரியும்.

சுண்டெலியில் இதே வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கணு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், கருவியின் பகுதிறனும் அவ்வளவுதான். கணு வீங்கினாலே, உறிஞ்சல் மாறாவிட்டாலும், அதிக ஒளி தெரியும். எலியை ஊசிக்கு அரைமணி முன்பிருந்தே 30 டிகிரியில் கதகதப்பாக வையுங்கள். குளிர்ந்தால் தோள்பட்டையின் பழுப்புக் கொழுப்பு எஃப்.டி.ஜி.யை விழுங்கி, பக்கத்துக் கணுக்களை மறைத்துவிடும்.

கேள்வி: நுரையீரல் சி.டி.யில் தொற்றுள்ள விலங்கு, இல்லாத விலங்கு இரண்டுக்கும் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிகிறது.

அது நிமோனியா அல்ல. மயக்கத்தில் நுரையீரலின் கீழ்ப்புறம் சுருங்கியிருக்கிறது. விலங்கைப் புரட்டிப் போட்டு மறுபடி எடுங்கள்: வெண்மை புதிய கீழ்ப்புறத்துக்கு நகர்ந்தால் சுருக்கம், அதே இடத்தில் நின்றால் நோய். சுத்த ஆக்சிஜன் கொடுப்பது சுருக்கத்தைக் கூட்டும். காற்றோடு கலந்து 30–40 சதவீதமாக்கலாம். மயக்கியவுடன் தாமதிக்காமல் எடுங்கள். குரங்காக இருந்தால் மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, 20 செ.மீ. நீரழுத்தத்தில் ஒரு முறை விரித்து, மூச்சை நிறுத்திய அந்தச் சில விநாடியில் ஸ்கேனை முடித்துவிட வேண்டும்.

கண்ணால் மதிப்பிடுவதைவிட அளவிடுவது நல்லது. காற்று நிறைந்த நுரையீரல், சி.டி.யில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் −900 முதல் −500 வரை. −500க்கு மேல் வரும் பங்கு எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதே விலங்கின் தொற்றுக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எலிகளுக்கான சிறிய சி.டி. கருவிகளில் இந்த அளவு நாளாக ஆக விலகும். தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்து, பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாய் வழியாகத் தொற்றுக் கொடுத்த மாதிரியில் நுரையீரலில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போவதும் இயல்பே.

கேள்வி: அடிக்கடி சி.டி. எடுத்தால் கதிர்வீச்சே நோயை மாற்றாதா?

மாற்றலாம். எலிக்கான உயர்தரச் சி.டி. ஒன்றில் கதிர்வீச்சு 0.1 முதல் 0.3 கிரே (கதிர்வீச்சு அலகு) வரை போய்விடும்; லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கதிர்வீச்சுக்கு மிக மென்மையானவை, பாக்ஸ் வைரஸை விரட்டுவதும் அவைதான். தொற்று இல்லாமல் ஸ்கேன் மட்டும், ஸ்கேன் இல்லாமல் தொற்று மட்டும் என்று இரண்டு குழு தவறாமல் வேண்டும். பெட் படத்துக்கு உறுப்பின் இடம் காட்ட மட்டும் சி.டி. என்றால் மிகக் குறைந்த அளவு போதும்.

கேள்வி: தொற்றுள்ள விலங்கை ஸ்கேனருக்குள் எப்படி வைக்கிறார்கள்? கருவி முழுக்கத் தொற்றாகிவிடாதா?

ஸ்கேனரைச் சுத்தம் செய்வதைவிட, அது அசுத்தமாகாமல் பார்ப்பதே வழி. பெரிய உயர்பாதுகாப்பு மையங்களில், மூடிய குழாய் ஒன்று சுவரிலிருந்து ஸ்கேனர் துளைக்குள் நீண்டிருக்கும். விலங்கு தொற்றுப் பக்கத்தில், கருவி தூய பக்கத்தில். பழுதுபார்ப்பவர் சாதாரண உடையில் வந்து போகலாம்.

சிறு விலங்குக்கு இரு முனையிலும் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள மூடிய பெட்டகம் போதும். பாதுகாப்புப் பெட்டிக்குள்ளேயே விலங்கை அதில் வைத்து மூடி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். கிருமிநாசினி குறித்த நேரம் காயாமல் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு தேய்ப்புத் தேய்த்து உடனே உலர்த்துவது வீண். அக்ரிலிக் பெட்டகத்தை ஆல்கஹாலால் துடைத்துக்கொண்டே இருந்தால் நுண்ணிய வெடிப்பு விழும், ஒருநாள் கசியும். ஒவ்வொரு முறையும் காற்றேற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் திருகாணிகூட இரும்பாக இருக்கக் கூடாது.

மயக்க வாயுவில் ஒரு கணக்கு உண்டு. 2 லிட்டர் பெட்டகத்துக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு போனால், உள்ளே செறிவு 95 சதவீதம் மாற ஆறு நிமிடம் ஆகும். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் முகப்பை 2 சதவீதத்துக்குத் திருப்பியதும் விலங்கு அமைதியாகிவிடும் என்று நினைப்பவர்கள், அது அசையும்போது பயந்து முகப்பைக் கூட்டி, ஆறு நிமிடம் கழித்து மூச்சடங்க விடுகிறார்கள்.

பெட் முடிந்த கூண்டுக் கழிவு கதிரியக்கமும் தொற்றும் சேர்ந்தது. பத்து அரை ஆயுள், அதாவது ஏறத்தாழ 18 மணி 20 நிமிடம், ஈயத் தடுப்புக்குப் பின்னால் மூடி வைத்து, பிறகு நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பலாம். காய்ந்த பொருக்கில் பாக்ஸ் வைரஸ் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். படுக்கைத் தூளை உதறாதீர்கள். சுண்டெலியம்மை மனிதருக்கு ஆபத்தில்லை என்று அலட்சியமாக இருப்பவர்கள், பக்கத்து அறை எலிக் கூட்டத்தையே இழக்க நேரும். 1990களில் அமெரிக்க ஆய்வகங்களுக்கு அது மாசுபட்ட எலிச் சீரம் வழியாகவே வந்துசேர்ந்தது.

கேள்வி: டெக்கோவிரிமாட் குரங்குகளைக் காப்பாற்றியது, காங்கோ நோயாளிகளிடம் பலிக்கவில்லை என்று படித்தேன். அப்படியானால் விலங்கு ஆய்வே பொய்யா?

இரண்டு ஆய்வும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. குரங்கில் கேட்டது, சாவைத் தடுக்குமா என்பது. தொற்றிய நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மருந்து தொடங்கிய குழுக்களில் ஆறுக்கு ஐந்து பிழைத்தன. ஆறாம் நாள் தொடங்கியபோது ஆறுக்கு மூன்று. மருந்தில்லாத மூன்றும் இறந்தன. இரண்டு நாள் தாமதம் என்ன செய்கிறது பாருங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 597 பேரிடம் கேட்டது, கொப்புளம் சீக்கிரம் ஆறுமா என்பது. சீக்கிரம் ஆறவில்லை என்று 2024 ஆகஸ்டில் தெரிந்தது. மருத்துவமனையில் வைத்து நன்றாகக் கவனித்ததால், மருந்து எடுத்தவர், எடுக்காதவர் எல்லோரையும் சேர்த்தே இறப்பு 1.7 சதவீதம்தான்.

நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது கொப்புளம் ஏற்கெனவே எழும்பியிருக்கும். எழும்பிய கொப்புளம் பொருக்குத் தட்டி உதிர்வது தோல் தன்னைச் சரிசெய்யும் வேலை. வைரஸ் செல்லைவிட்டுச் செல் பரவுவதைத் தடுக்கும் மருந்து அதை எப்படி விரைவாக்கும்? பெருமளவு வைரஸை இரத்தத்தில் ஏற்றிய குரங்கிலோ, சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே நிற்பது அந்தப் பரவல்தான். ஆகவே குரங்கு ஆய்வு பொய்யல்ல. மிதமான நோயுள்ள மனிதருக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. மிதமான நோய்க்கு மருந்து தேடுபவர்கள் உயிர்பிழைப்பை மட்டும் எண்ணாமல், பிரேரி நாய் போன்ற மெதுவான மாதிரியில், கொப்புளம் வந்த பிறகு மருந்தைத் தொடங்கி, ஒவ்வொரு கொப்புளமும் ஆறும் நாளைக் குறிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் காங்கோவில் கேட்ட கேள்வி அதுவே.

கேள்வி: குழந்தைகளுக்கு வரும் மொலஸ்கம் பருவும் பாக்ஸ் வைரஸ்தானே, அதற்கு எந்த விலங்கு?

சரியான விலங்கு இல்லை. அது மனிதத் தோலில் மட்டும் வளர்கிறது, ஆய்வக வளர்ப்புச் செல்களில்கூட ஒழுங்காகப் பெருகுவதில்லை. நோயெதிர்ப்பு நீக்கிய சுண்டெலியில் மனிதத் தோலை ஒட்டவைத்து, அந்தத் தோலில் தொற்றுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.